மடித்துத் தைத்த பாவாடை

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்று தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பட்டுப் பாவு அறுந்தது. அறுத்தது ஐந்தாவது படிக்கும் என் மகள் யாழினி. தறியின் மேல்கட்டையைப் பிடித்துத் தொங்கியிருக்கிறாள். கை நழுவி, முகூர்த்தப் புடவைக்குப் போட்ட பாவின் மேலேயே விழுந்துவிட்டாள். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பட்டு இழைகள்தான் கொத்தாகப் போயின. என் வீட்டுக்காரர் கோபத்தில் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"ஏன்டி தொங்கினே?" என்றேன்.

"தொங்கினா உயரமாவாங்களாம்மா. கிளாஸ்ல எல்லாருக்கும் ஸ்கூல் பாவாடை முட்டிக்கு மேல ஏறிக்கினே போவுது. எனக்கு மட்டும் அப்படியே இருக்குது. நான் வளரவே இல்லம்மா" என்று அழுதாள்.

எனக்குச் சுருக்கென்றது. வளர்கிற பிள்ளை என்று பாவாடையின் அடியில் நாலு மடிப்பு வைத்துத் தைத்தவள் நான்தான். அவள் வளர வளர, தூங்கும்போது ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டவளும் நான்தான். தெரிந்தால் புதுசு கேட்டு அடம் பிடிப்பாளே என்று மூச்சு விடவில்லை.

உண்மையைச் சொல்லி, பழைய தையல் தடங்களைக் காட்டினேன். நாலையும் விரலால் தடவிப் பார்த்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ நாலையும் திரும்ப மடிச்சுத் தைச்சிடு. நாளைக்கு எல்லாரும் பாக்கணும்."

பேரம் பேசி இரண்டில் நிறுத்தினேன். தைத்து முடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் இன்னும் தறியில் இழைகளை முடிந்துகொண்டிருக்கிறார். இப்போது தலையைத் திருப்பி, தூங்கும் யாழினியின் பாயைத் தாண்டி நீண்டு கிடக்கும் கால்களைப் பார்த்தார்.

"பாயிலயும் மடிப்பு வெச்சிருந்தா பிரிச்சு வுடேன்."

சாயங்காலத்திலிருந்து அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு அது.