வட்டம் போட்ட இரண்டு இலக்கங்கள்

அக்கா,

நேற்றுக் கிளிநொச்சிக்குப் போய் ஒரு ரிமோட் வாங்கிவந்தேன். பழைய ரிமோட்டுக்குள் எறும்பு புகுந்து முட்டையிட்டுக் குடும்பமே நடத்தியிருக்கிறது. என்னுடைய ரீவிக்கான அசல் ரிமோட் இப்போது வருவதில்லையாம். கடைக்காரர், எந்த ரீவிக்கும் பொருந்தும் என்று வேறொன்றை எடுத்து மேசையில் வைத்தார். எப்படிப் பொருத்துவது என்றும் ஏதோ சொன்னார். நான் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் பாதிதான் கேட்டேன். இன்று காலை பெட்டியைப் பிரித்ததும் அந்தப் புதுப் பிளாஸ்ரிக் மணம் மூக்கில் அடித்தது. உங்கள் மகன் யூட் அனுப்பிய ரிமோட் பெட்டியைப் பிரித்த அன்றும் இதே மணம்தான். நீங்கள் அதை மோந்து பார்த்துவிட்டு, "பிரான்சின்ர மணமோ இது, சவர்க்காரம் மாதிரியெல்லோ கிடக்கு" என்றீர்கள்.

முல்லைத்தீவுக் கரையில் வலையோடு வளர்ந்தவர் நீங்கள். நான் முரசுமோட்டைச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் அளந்தவள். இடம்பெயர்ந்து கிடந்த காலத்தில் ஒரே பாலைமரத்தின் கீழ் அடுத்தடுத்துக் கொட்டில் போட்டோம். ஊருக்குத் திரும்பலாம் என்று வந்தபோது, உங்களுக்குத் திரும்ப ஊர் இருக்கவில்லை. "வளவு பெரிசு, நீங்களும் வாங்கோ" என்றேன். வந்த முதல் கிழமையே இரணைமடுக் குளத்து மீனைச் சட்டியில் போட்டுவிட்டு முகத்தைச் சுளித்தீர்கள். "உப்பே அறியாத மீன். இதைத் தின்னுறதுக்கு வாழைக்காயைத் தின்னலாம்." சொல்லிவிட்டு மூன்று துண்டு சாப்பிட்டதையும் நான் பார்த்தேன். எனக்கு வாய் நீளம், உங்களுக்குப் பொறுமை நீளம். அதனால்தான் இரண்டு பேரும் ஒரு குசினியில் ஐந்து வருசம் சமைக்க முடிந்தது.

உங்கள் மனுசன் கடலுக்குப் போய்த் திரும்பாதபோது யூட்டுக்கு ஆறு வயது. பத்தொன்பது வயதில் அவனையும் வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு ஒன்பது வருசம் காத்திருந்தீர்கள். ஒருநாள் அவனுடைய கலியாண வீடியோக் கசற் வந்தது. கரண்ட் இல்லாத அந்த நாட்களில் எங்கள் பக்கம் வெளிநாட்டுக் கலியாணக் கசற் வந்தால் அது கலியாணமேதான். வீடியோக்கார மணியண்ணையிடம் சொல்லி ரீவி, கசற் போடுகிற டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுப்போம். அயலட்டைக்குச் சொல்லுவோம். வருகிறவர்கள் நல்ல சீலை உடுத்துத்தான் வருவார்கள். நீங்கள் மாப்பிள்ளையின் தாய் என்று முன்கதிரையில் இருந்தீர்கள், தலையில் பூகூட வைத்திருந்தீர்கள். "ஏனக்கா பூ, உங்களை ஆர் அங்க பாக்கப் போகினம்" என்று பகிடி பண்ணினேன். "அவன் பாக்கமாட்டான் எண்டு எனக்குத் தெரியுமடி" என்றீர்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். அது அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

மோதிரம் மாற்றி முடிய, யூட் ஆரோ கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். இரண்டு மூச்சு நேரம்தான். அதற்குள் கமரா பெண்வீட்டுக்காரரின் பக்கம் போய்விடும். நீங்கள் கதிரையிலிருந்து எழும்பியேவிட்டீர்கள். "மணி, அதில ஒருக்கா நிப்பாட்டு." மணியண்ணை தலையைச் சொறிந்தார். படத்தை அப்படியே நிற்பாட்டுகிற பொத்தான் டெக்கின் உள்ளே விழுந்து கனகாலம். டெக்கின் ரிமோட், அவர் இடம்பெயர்ந்தபோது எங்கேயோ துலைந்துவிட்டது. பின்னுக்கு ஓடவிட்டு நாலு தரம் போட்டுக்காட்டினார். நாலு தரமும் அந்த இரண்டு மூச்சுத்தான்.

நடுவில் ஒருக்கா டெக் தானாக நின்றது, ரீவியில் வெள்ளைப் புள்ளி கொதித்தது. மணியண்ணை பின்வளவுக்கு ஓடி ஜெனரேற்றரைத் திருகிவிட்டு வந்தார். அவருடைய டெக்கின் குணம் அது. வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் கண்ணை மூடிவிடும், ரீவி தாக்குப்பிடிக்கும். ஊரில் எல்லோருக்கும் அது தெரியும்.

எல்லாரும் போனபிறகு சொன்னீர்கள். "போட்டோவில அவன் சிலை மாதிரி நிக்கிறான். இதில சிரிக்கேக்க அவன்ர அப்பாவே வந்து நிண்டமாதிரிக் கிடக்கு. எனக்கு ரெண்டு பேரையும் ஒருக்கா வடிவாப் பாக்கவேணும்." அவன் அப்பாவின் படம் ஒன்றுகூட உங்களிடம் மிஞ்சவில்லை என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கே யூட்டுக்கு எழுதினோம். நீங்கள் சொன்னீர்கள், நான் எழுதினேன்.

எட்டு மாதம் கழித்து ரிமோட் வந்தது, எல்லா டெக்குக்கும் பொருந்துகிற ரிமோட். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் சோதனைச் சாவடி எல்லாம் தாண்டிக் கொண்டுவந்து தந்தார். பற்றறியை மட்டும் சாவடியில் கழற்றி எடுத்துவிட்டார்கள். சண்டைக்காலத் தடையில் எங்கள் பக்கத்துக்குப் பற்றறி வரக்கூடாத காலம் அது. கூடவே இலக்கங்கள் நிரம்பிய ஒரு தாள், எல்லாம் பிரெஞ்சில். யூட் தன் கையால் ஒரு துண்டு எழுதியிருந்தான். "டெக்குக்குரிய பொத்தானை அமத்திக்கொண்டு தாளில இருக்கிற ஒரு இலக்கத்தை அடியுங்கோ. பிறகு சிவப்புப் பொத்தானை அமத்துங்கோ. சரியான இலக்கம் வந்தால் உங்களுக்கே தெரியும்."

பற்றறிக்கு நீங்கள் பங்குச் சுவாமியிடம் போனீர்கள். கோயில் மணிக்கூட்டிலிருந்து ஒன்று, என் சுவர் மணிக்கூட்டிலிருந்து ஒன்று. இரண்டையும் சுளகில் போட்டு இரண்டு நாள் வெயிலில் காயவைத்தோம், கொஞ்சமாவது உயிர் வரட்டும் என்று. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிலும் நேரம் இல்லை, கோயிலிலும் நேரம் இல்லை. பூசை எப்போது முடிந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சுவாமி அன்றைக்குப் பிரசங்கத்தை நீட்டிவிட்டார் என்று வழிநெடுக என்னிடம் முறையிட்டுக்கொண்டு வந்தீர்கள்.

ஜெனரேற்றருக்கான மண்ணெண்ணெய் மூன்று மாதமாகச் சேர்த்தது. பொழுதுபட்டால் ஒரு விளக்குத்தான் என்று இருந்து சேர்த்தது. மணியண்ணை வெயில் ஏறியபிறகு எல்லாவற்றையும் வயரில் பூட்டிக் கசற்றைப் போட்டார். டெக்கின் முகத்திலிருந்த கம்பனிப் பெயர் எப்போதோ உரிந்து போய்விட்டதால், எந்த இலக்கம் அதற்குரியது என்று அவருக்கும் தெரியாது. தாளின் தலையிலிருந்து தொடங்கினோம். நீங்கள் தாளைப் பிடித்துக்கொண்டு மீன் ஏலம் கூறுகிற குரலில் இலக்கத்தைச் சொல்ல, நான் அடித்துச் சிவப்புப் பொத்தானை அமத்தினேன். சரிவராத இலக்கத்துக்குப் பிழைக்குறி போடச் சொன்னேன். அது சிலுவை மாதிரி இருக்கிறதாம், தோற்றுப்போனதுக்குச் சிலுவை போடமாட்டீர்களாம். பென்சிலால் கோடு கீறினீர்கள்.

முப்பது நாற்பது இலக்கம் போயிருக்கும். டெக் நின்றது, ரீவியில் வெள்ளைப் புள்ளி. "வோல்டேஜ் இறங்கீட்டுது" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். மணியண்ணை ஓடிப்போய்த் திருகிவிட்டு வந்து, டெக்கைக் கையால் போட்டார். விட்ட இடம் தெரிய வேணும் என்று அந்த இலக்கத்தைச் சுற்றி வட்டம் போட்டீர்கள். அடுத்ததுக்குப் போனோம். இன்னும் கொஞ்சத்தில் திரும்பவும் நின்றது. திரும்பவும் ஓட்டம், திரும்பவும் வட்டம். அப்போதுதான் நீங்கள் கேட்டீர்கள்:

"தங்கச்சி, அந்த நம்பரை இன்னொருக்கா அடிச்சுப் பாப்பமோ? அது நிக்கேக்கதானே நாங்கள் அதை அடிச்சனாங்கள். வேலை செய்ததோ எண்டு தெரியாதே."

எனக்குக் கோபம் வந்தது. எண்ணெய் குறைகிற சத்தம் என் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. "விசர்க் கதை கதையாதேங்கோ அக்கா. இருக்கிற எண்ணெய்க்கு அடிச்சதையே அடிச்சுக்கொண்டிருக்க ஏலுமோ? அடுத்ததைச் சொல்லுங்கோ." நீங்கள் அடுத்ததைச் சொன்னீர்கள். அதன்பிறகு ஏலக்குரல் இல்லை.

தாளின் கடைசி வரைக்கும் போனோம். ஒன்றும் நடக்கவில்லை. ஏதோ வெளிச்சம் வரும், படம் அசையாமல் நிற்கும், ஏதாவது நல்லது நடக்கும் என்று நான் ரீவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கசற் தன்பாட்டில் ஓடியது, யூட் சிரித்தான், கமரா திரும்பியது. பிறகு உண்மையாகவே எண்ணெய் முடிந்தது. "உங்கட மோன் எங்கட ஊரை மறந்திட்டான். பேய்ச்சாமான் ஒண்டை அனுப்பியிருக்கிறான்" என்று சொல்லி ரிமோட்டைப் பெட்டிக்குள் போட்டேன். அந்த வார்த்தையை உங்கள் முகத்துக்கு நேரே சொன்னேன். நீங்கள் பற்றறி இரண்டையும் கழற்றி, ஒன்றை என் மணிக்கூட்டில் போட்டுவிட்டு, மற்றதைச் சுவாமியிடம் கொடுக்கப் போனீர்கள்.

அடுத்த கிழமை யூட்டுக்குக் கடிதம். "எழுது. நீ அனுப்பின ரிமோட் நல்லா வேலை செய்யுது மகன். நான் உன்னை நிப்பாட்டி வைச்சுப் பாக்கிறனான். நீ சிரிக்கேக்க அப்பாவை மாதிரி இருக்கிறாய்." நான் பேனையை வைத்துவிட்டேன். "ஏனக்கா இப்பிடிப் பொய்?" என்றேன். "அவன் காசு கொடுத்து வாங்கி, ஆள் பிடிச்சு அனுப்பினவன். இது சரிவரேல்லை எண்டு அவனுக்குச் சொல்லி என்ன காணப்போறம்? எழுதடி." எழுதினேன். வயல் வெட்டு முடிய இன்னொருக்கா மணியண்ணையைக் கூப்பிடுவம் என்று முடிவுபண்ணி, திரும்பவும் மண்ணெண்ணெய் சேர்க்கத் தொடங்கினோம்.

மாரியில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. மலேரியாக் காய்ச்சல், எங்கள் பக்கம் ஒரு வீட்டையும் விடாத காய்ச்சல். மூன்று தரம் வந்து மாறியது, நாலாம் தரம் மாறவில்லை. சேர்த்து வைத்த எண்ணெய் உங்கள் செத்தவீட்டு விளக்குகளுக்கு அளவாக இருந்தது. வேறொன்றுக்கும் மிஞ்சவில்லை.

கன வருசம் கழித்து யூட் வந்தான். தலை நரைத்து, மனுசியையும் கூட்டிக்கொண்டு. சேமக்காலையில் உங்கள் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு, வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னான்: "அன்ரி, நான் ஒண்டும் செய்யேல்லை அம்மாவுக்கு. அந்த ரிமோட் ஒண்டுதான். என்னை நிப்பாட்டிப் பாக்கிறனான் எண்டு எழுதியிருந்தவா. அதை நினைச்சுத்தான் நான் ஆறுறனான்." என் முகத்தைப் பார்த்தான். "ஓம் தம்பி, பாக்கிறவா" என்றேன். கசற்றைக் கொடுத்தேன், கொண்டுபோனான். ரிமோட்டை மட்டும் கொடுக்கவில்லை. கொடுத்தால் பொய் வெளிவந்துவிடுமோ என்று பயம்.

இனி இன்று காலைக்கு வருகிறேன். புது ரிமோட்டை ஓடிக்கொண்டிருந்த ரீவிக்கு நேரே பிடித்து, கடைக்காரர் சொன்னதில் ஞாபகமிருந்தபடி ஒரு பொத்தானை அமத்திக்கொண்டிருந்தேன். திடீரென்று ரீவி நின்றது. "வோல்டேஜ் இறங்கீட்டுது" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு எழும்பி, பின்வளவுக் கதவடிக்குப் போய்விட்டேன். கொண்டியில் கை வைத்தபிறகுதான், தலைக்கு மேலே ஃபான் சுற்றுகிற சத்தம் கேட்டது. கரண்ட் இருந்தது. ஜெனரேற்றர் நின்ற இடத்தில் இப்போது பசளிக்கொடி படர்ந்திருக்கிறது. "எண்ணெய் பாருங்கோ" என்று கூப்பிட மணியண்ணையும் இல்லை, "மெல்லப் போடி, விழப்போறாய்" என்று சொல்ல நீங்களும் இல்லை. இந்த வீட்டில் நான் சத்தமாகப் பேசி எத்தனை நாள் என்று அப்போதுதான் நினைத்தேன்.

திரும்பி வந்து சிவப்புப் பொத்தானை அமத்தினேன், ரீவி வந்தது. திரும்ப அமத்தினேன், நின்றது. கடைக்காரர் சொன்ன மிச்சப் பாதியும் அப்போது ஞாபகம் வந்தது. "ரீவி நிண்டால் கையை எடுங்கோ அம்மா, அதுதான் சரியான நம்பர்."

அலுமாரியின் அடித்தட்டிலிருந்து உங்கள் ரிமோட் பெட்டியை எடுத்தேன். தாள் மடிப்பில் கிழிந்திருக்கிறது, பென்சில் மங்கவில்லை. மேலிருந்து கீழ்வரை உங்கள் கோடுகள். நடுவில் இரண்டு வட்டம். யூட் இருக்கிற நாட்டில் ஒரு சாமான் நின்றால், அது சொல்லுக் கேட்டது என்று அர்த்தம். எங்களுக்கு, எண்ணெய் முடிகிறது என்று அர்த்தம். "உங்களுக்கே தெரியும்" என்று அவன் எழுதியது அதனால்தான். டெக் இரண்டு தரம் எங்களுக்குக் கீழ்ப்படிந்து நின்றிருக்கிறது அக்கா. உங்கள் மகன் எங்கள் ஊரை மறந்து ஒன்றும் அனுப்பவில்லை.

நீங்கள் எழுதச் சொன்ன முதல் வரி பொய்யில்லை. ரிமோட் நல்லாகத்தான் வேலை செய்தது. இரண்டாவது வரியைப் பொய்யாக்கியது நான். நீங்கள் கேட்டபடி அந்த இலக்கத்தை இன்னொருக்கா அடித்திருந்தால், யூட்டையும் அவன் அப்பாவையும் ஆசை தீரும்வரைக்கும் பார்த்திருப்பீர்கள். இதைக் கேட்டால், "அது கிடக்கட்டும், நீ சாப்பிட்டியோ" என்றுதான் கேட்பீர்கள். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது. யூட்டுக்குச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அவன் ஆறிக்கொண்டிருக்கட்டும்.

மத்தியானம் சுவர் மணிக்கூட்டின் பற்றறியைக் கழற்றினேன். புது ரிமோட்டிலிருந்து இன்னொன்று. இரண்டையும் உங்கள் ரிமோட்டில் போட்டேன். நீட்டிப் பிடிக்க டெக் இல்லை, கசற் இல்லை. உங்கள் கதிரைக்கு நேரே பிடித்து, முதல் வட்டத்திலிருந்த இலக்கத்தை அடித்தேன். பிறகு, நீங்கள் கேட்டபடி, அதையே இன்னொருக்கா அடித்தேன்.