எந்தப் பக்கத்து மீன்?

19 ஆகஸ்ட் 2007, ஞாயிறு

அணு உலையில் வேலை பார்க்கும் மச்சான், என் மனைவியின் அண்ணன், மதியம் சாப்பிட வந்தார். உட்கார்ந்ததுமே பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"நிலக்கரிப் பொகைலதான் உலகமே சூடாவுது மாப்ள. வீராம்பட்டினத்துல கடல் ஊருக்குள்ள வர்றத பாக்குற இல்ல? அணு கரண்ட்டுதான் இதுக்கு ஒரே வழி. பொகையும் இல்ல, பயமும் இல்ல."

"அந்தக் கழிவ எங்க கொட்டுவீங்க?" என்றேன். படிக்காதவனைப் பார்ப்பதுபோல் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மீன் குழம்பு வந்தது. இலையில் ஊற்றும் முன் மெதுவாகக் கேட்டார்: "இது எந்தப் பக்கம் புடிச்சது? எங்க பக்கத்து மீனா?"

பயம் இல்லையாம்!

"நம்ம வீராம்பட்டினத்துது மச்சான்" என்றேன். பொய். தேர்த் திருவிழா என்று அங்கே ஒரு படகும் கடலில் இறங்கவில்லை. நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் நான் வாங்கியது வடக்கேயிருந்து, அவருடைய உலை இருக்கும் கரையிலிருந்து, வண்டியில் வந்த மீன். மூன்று துண்டு தின்றார். எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.

இப்போது தூக்கம் வரவில்லை. நான்காவது துண்டை முள் எடுத்து என் மகளுக்கு ஊட்டியது நான்தான்.