அப்பாவுக்குப் படித்துக் காட்டிய ஓகே

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். நீ நலமா என்று கேட்டால் ஓகே என்று வரும், அதனால் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்ததும் அதற்காகத்தான், இதற்குக் கட்டை விரலால் பதில் போட முடியாது பார்.

உன் ஓகேயின் பெருமையை என்னவென்று சொல்ல. அக்காவுக்கு இரண்டாவதும் பெண் என்று எழுதினேன், ஓகே. மாடி வீட்டுக்காரர் திடீரென்று போய்ச் சேர்ந்தார் என்றேன், அதற்கும் ஓகே. பிறப்பையும் சாவையும் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிற சாமர்த்தியம் நம் பரம்பரையில் வேறு யாருக்கும் இல்லை. எங்கள் ஆபீஸ் வக்கீலும் நாள் முழுக்க ஓகே சொல்கிறவர்தான். கட்சிக்காரரிடம் சொன்னால் எழுந்து போ என்று அர்த்தம், என்னிடம் சொன்னால் முழுவதையும் திரும்ப டைப் அடி என்று அர்த்தம், மனைவியிடம் போனில் சொன்னால் தப்பு அவர் மேல் என்று அர்த்தம். அவர் முகத்தைப் பார்த்தால் எது எதுவென்று புரிந்துவிடும். உன் முகத்துக்கு நான் எங்கே போவேன்.

அப்பாவுக்கு வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்தது என்று எழுதியதற்கும் அதே ஓகே வந்ததே, அன்றுதான் நான் ஒரு காரியம் செய்தேன். அவருக்கு இடது கண்ணும் மங்கல், போனை என்னிடம் நீட்டி என்ன எழுதியிருக்கான் படி என்றார். ஒரு வரியை மூன்று பக்கத்துக்கு இழுப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம், இழுத்துவிட்டேன். அப்பா பயப்படாதீங்க, டாக்டர் சொல்றபடி கேளுங்க, லீவு கிடைச்சதும் வரேன் என்று நீ எழுதியிருக்கிறாயாம். அவர் முகம் தெளிந்ததைப் பார்த்ததும் எனக்கு ருசி கண்டுவிட்டது, அதிலிருந்து உன் ஒவ்வொரு ஓகேயும் இங்கே அரைப் பக்கம். இவரோ மருந்துக்கடைக்காரரிடம் பையன் வரான் என்று சொல்லிவிட்டார், உன் அறையில் கிடந்த பழைய துணிமூட்டையைத் தடவித் தடவி வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார். குனியவே கூடாது என்றிருந்தார் டாக்டர். நன்றாகத் திட்டினேன், திட்ட வேண்டியது என்னைத்தான்.

நேற்று படிக்கிற வேகத்தில், மேற்படி கண்ணில் வலி உண்டா என்று நீ கேட்பதாக என் ஆபீஸ் வாய் சொல்லிவிட்டது. அப்பா சிரித்தார். இவன் எப்போ வக்கீல் ஆபீசுல சேர்ந்தான் என்றார். நான் போனைக் கீழே வைக்கப் போனேன். பரவாயில்ல, அவன் வரேன்னு சொன்ன இடத்தை மட்டும் இன்னொரு தரம் படி என்றார். படித்தேன்டா. அழுதுகொண்டே படித்தேன்.

இன்னும் மூன்று வாரத்தில் அவருக்குப் புதுக் கண்ணாடி வரும், அப்புறம் போனை அவரே வாங்கிப் பார்ப்பார். வர முடியாவிட்டால் முடியாது என்றே எழுது, ஆனால் நீ எழுது. நேரத்துக்குச் சாப்பிடு, கண் கெட வேலை பார்க்காதே, எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூடட்டும். பதிலை அப்பா பெயருக்கே போடு, நான் உறையைப் பிரிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
இத்தனை நாளும் உனக்காகப் பேசிய
அம்மா