நன்னாரி மணத்த தலை

இன்று காலை நம் குளிர்பானக் கடையில் ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி உடைத்தபோது சர்பத் பாட்டில் கவிழ்ந்துவிட்டது. துண்டெல்லாம் நன்னாரி மணம். உடனே உன் தலைதான் ஞாபகத்துக்கு வந்தது. மற்றவர்களுக்கு மனைவியின் கூந்தலை நினைத்தால் மல்லிகை மணக்கும். எனக்கு சர்பத்.

உனக்கு மார்பில் கட்டி என்று தெரிந்து கீமோ தொடங்கவிருந்த வாரம் அது. அடுத்த மாதம் நம் மகளைப் பெண் பார்க்க நாகர்கோவிலிலிருந்து வருவதாக இருந்தார்கள். "அவங்க வந்துபோற வரைக்காவது முடி நிக்கணும்" என்றாய். நோய் உள்ள வீடு என்று தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகுமே என்ற பயம். முடியைக் காக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தாய், முப்பது வயதிலேயே வழுக்கை விழுந்தவனிடம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ சொன்னார்கள்: மருந்து ஏறும்போது தலையைக் குளிர வைத்தால் முடி வேருக்கு மருந்து அதிகம் போகாதாம், முடி கொஞ்சம் தங்குமாம். குளிர்தானே, அது நம் தொழிலாயிற்றே என்று நினைத்தேன். பத்தாம் வகுப்பைத் தாண்டாத மூளை அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. தம்பானூர் கடையில் ஐஸை உடைத்துத் துண்டில் முடிந்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வேட்டி நனைந்ததைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

மருந்து ஏறத் தொடங்கியதும் அதை உன் தலையில் கட்டினேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். மலையாளி நர்ஸ் வந்து மோந்து பார்த்தாள்.

"சேட்டா, இது சர்பத்துக் கடையாணோ?"

"சிஸ்டருக்கும் ஒரு கிளாஸ் போடுங்க" என்றாய் நீ.

அவள் சிரித்துக்கொண்டே முடிச்சை அவிழ்த்தாள். அதற்கென்று குளிர்த் தொப்பியே இருக்கிறதாம். மருந்துக்கு முன்னும் பின்னும்கூட மாட்டியிருக்க வேண்டும், எல்லோருக்கும் எல்லா மருந்துக்கும் பலிக்காது, இங்கே அந்த வசதியும் இல்லை என்றாள். வெறும் ஐஸ் தலைத்தோலைப் புண்ணாக்கிவிடுமாம். முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள், அகலப் பல் சீப்பால் மெதுவாகச் சீவுங்கள், சாயம் வேண்டாம், எதுவானாலும் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள் என்றாள்.

எல்லாம் செய்தோம். மூன்றாவது வாரம் தலையணையில் முடி கொத்துக் கொத்தாகக் கிடந்தது. நீ அழவில்லை. விக் வாங்கிவரச் சொன்னாய். கடையில் என் தலையில் வைத்துப் பார்த்து வாங்கினேன். உனக்கு அது பெரிதாகிவிட்டது.

பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் அம்மா உனக்கு எந்த ஊர் என்றுதான் கேட்டார். நீ விக்கைக் கழற்றி மடியில் வைத்தாய்.

"எனக்குக் கேன்சர். மருந்து ஏத்துகாவ. இத மறைச்சுப் பொண்ணக் குடுக்க மனசு வரல."

நான் சுவரைப் பார்த்தேன். மகள் அடுக்களை வாசலில் நின்றாள். அந்த அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"வந்ததுலருந்து அதத்தான் பாத்துட்டிருந்தேன் மயினி. கோணலா இருந்துது. எப்படிச் சொல்லன்னு முழிச்சேன்."

பிறகு, அடுத்த மருந்து என்றைக்கு என்று கேட்டார். மருந்தெல்லாம் முடிந்து மூன்று மாதம் கழித்து வரும்படி முகூர்த்தம் குறித்தோம். கல்யாணத்தில் உன் தலையில் ஓர் அங்குல முடி, அதுவும் சுருட்டை. அதன்பின் இரண்டு வருஷம் இருந்தாய்.

போன வாரம் டாக்டர் என் இதயத்தில் அடைப்பு என்றார். மகளின் புது வீட்டுப் பால்காய்ச்சு முடியும்வரை மறைத்துவிடலாம் என்று, வாயுத் தொல்லை என்ற பொய்வரை தயார் செய்தேன். ஆஸ்பத்திரிப் படியில் பத்து நிமிஷம் நின்றேன். பிறகு போன் போட்டு, "ஏட்டி, அப்பாவுக்கு நெஞ்சுல அடைப்பாம்" என்றேன். கொஞ்சம் அழுதாள், நிறையத் திட்டினாள். நாளைக்கு வருகிறாள்.

மறைக்காமல் சொல்லும் பழக்கம் உன்னிடமிருந்து எனக்கு வந்தது. நீயாக இருந்திருந்தால் படியில் அந்தப் பத்து நிமிஷம் நின்றிருக்க மாட்டாய்.