இரண்டு முறை வந்த பெயர்

சேசு மரி சூசை துணை

கருமத்தம்பட்டி
2-12-2025

மதிவதனிக்கு,

உன் பெயர் வந்த சீட்டை நான் கிழித்து எறிந்ததாக ஊரில் பேசுகிறார்கள். பொய். கிழிக்கவில்லை. நாலாக மடித்துக் கூடையிலேயே திரும்பப் போட்டேன். பால் ஊற்ற வரும் கருப்புசாமிகூட, "ஏனுங்கம்மா, மருமவ பேரு வந்த சீட்டைக் கிழிச்சு வீசிப்போட்டீங்களாமா?" என்று கேட்கிறான். பால்காரனுக்கு விளக்கம் சொல்லும் நிலைக்கு என்னைக் கொண்டுவந்தது யார்?

ஒரே ஊரில் இருந்துகொண்டு தபால் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. உன் வாடகை வீட்டுத் தெருவை மிதிக்க மாட்டேன் என்று சொன்னவள் நான். என் மகன் ரூபன் இறந்த எட்டாம் மாதம் பேத்தியைத் தூக்கிக்கொண்டு நீ போனாயே, அன்று சொன்னது. போனில் பேசினால் "சரிங்கத்தை, சரிங்கத்தை" என்று சொல்லி வைத்துவிடுவாய். ஆகவே எழுதுகிறேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் மாதர் சங்கத்தில் கிறிஸ்துமஸ் நண்பர் சீட்டு எடுத்தோம். நீதான் ஞாயிற்றுக்கிழமையும் கடை வேலைக்குப் போய்விட்டாயே. யார் பெயர் வருகிறதோ அவருக்காகப் பண்டிகைவரை ரகசியமாக ஜெபித்து, முந்தின நாள் பரிசோடு அவர் வீட்டுக்குப் போவது வழக்கம். எனக்கு உன் பெயர் வந்தது. திரும்பப் போட்டுவிட்டு, கூடையை நானே குலுக்கி, அடியிலிருந்து வேறொன்று எடுத்தேன். மறுபடியும் மதிவதனி ரூபன். இரண்டு முறையும் எட்டிப் பார்த்துவிட்ட எல்லோரும் கைதட்டினார்கள். "ஆண்டவரே காட்டறாருங்கம்மா" என்றாள் ஒருத்தி.

நான் போட்ட சீட்டு மடித்தது. இரண்டாவதாக வந்தது சுருட்டியது. ஆக, ஒரு பெயருக்கு இரண்டு சீட்டு. ஆண்டவர் காட்டினாரா, நீங்கள் கூடிப் பேசிக் காட்டினீர்களா? பலகாரம், வெள்ளையடிப்பு, துணிக்கடை என்று ஓடுகிற ஓட்டத்தில் ஆண்டவர் கையைப் பிடித்து இழுப்பதைக் கவனியுங்கள் என்று பங்குச் சாமியார் அன்றுதான் பிரசங்கம் வைத்தார். ஆண்டவர் இழுத்தால் போவேன். ஆள் வைத்து இழுத்தால் நகர மாட்டேன்.

எமரன்சியம்மாள்


கருமத்தம்பட்டி
8-12-2025

அன்புள்ள அத்தைக்கு மதி எழுதுவது.

நானும் கயலும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உடனே எழுத முடியவில்லை. காந்திபுரத்தில் பண்டிகைக் கூட்டம்; கடையில் உட்கார விடுவதில்லை. பஸ்ஸில் நின்றபடி மனதுக்குள் எழுதியதைத்தான் இப்போது தாளில் எழுதுகிறேன்.

சீட்டு எழுதிப்போட்ட சிஸ்டரிடமே கேட்டுவிட்டேன். யாரும் கூடிப் பேசவில்லை. ஒவ்வொரு தெரு அன்பியக் குழுவும் தன் பெண்களின் பெயரைக் கொடுத்திருக்கிறது. இந்தத் தெருவிலிருந்து என் பெயர் போயிருக்கிறது. உங்கள் தெருவிலிருந்தும் போயிருக்கிறது. "அவங்கதான் இங்க இல்லீங்களே, பேரை எடுத்துப்போடட்டுங்களா?" என்று சிஸ்டர் உங்களிடம் வந்து கேட்டாராம். நீங்கள் கேக்குக்கு மைதா சலித்துக்கொண்டிருந்தீர்களாம். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எதுக்கு எடுக்கோணும்? அது எங்கூட்டுப் பேரு. இருக்கட்டும்" என்றீர்களாம்.

கேட்டதும் அழுதுவிட்டேன் அத்தை.

ஆனால் எனக்கும் கோபம் இருக்கிறது. துக்க வருஷத்தில் வீட்டில் ஸ்டார் கட்டக்கூடாது என்பது எனக்குத் தெரியாதா? "நம்மூட்டுக்கு மட்டும் ஏம்மா ஸ்டார் இல்ல?" என்று போன கிறிஸ்துமஸுக்குக் கயல் கேட்டாள். அப்பா இல்லாத பிள்ளை; கட்டினேன். கேரல் பாட வந்தவர்கள் முன்னால், நடுப்பாட்டில், அதை ஒயரைப் பிடித்திழுத்துப் பிய்த்து எறிந்தீர்கள். "புருசன் போன ஊட்ல வெளிச்சம் கேக்குதா?" என்றீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வந்துவிட்டேன். வேறு ஒரு குறையும் உங்கள்மேல் எனக்கில்லை.

சீட்டில் வந்துவிட்டதே என்பதற்காக நீங்கள் வர வேண்டாம். நீங்களாக வந்தால், கதவைக் கயல்தான் ஓடிவந்து திறப்பாள்.

உங்கள்
மதி


சேசு மரி சூசை துணை

கருமத்தம்பட்டி
15-12-2025

மதிவதனி,

கடிதம் கிடைத்தது. சிஸ்டரிடம் போய் விசாரணை வைத்தாயா? மாவு சலிக்கும்போது வந்து கேட்டால் யார்தான் யோசித்துப் பதில் சொல்வார்கள்? அடுப்பில் ஒரு பாகு, வாசலில் வெள்ளையடிக்கிற ஆள், இடுக்கில் சிஸ்டர். என்ன சொன்னேன் என்றுகூட எனக்கு நினைவில்லை.

உன் கடிதம் வந்ததிலிருந்து அதைத்தான் யோசிக்கிறேன். கொஞ்சம் நின்று யோசித்திருந்தால் உன் பெயரை எடுத்துவிடச் சொல்லியிருப்பேன். அது நிச்சயம். என் கோபமே அதுதான். என்னைக் கேட்காமல் என் வாயிலிருந்து சொல்லை எடுத்திருக்கிறார் ஆண்டவர். சாமியார் சொன்ன இழுப்பைக் கூடையில் தேடிக்கொண்டிருந்தேன். அது என் அடுப்படியிலேயே நடந்து முடிந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல். இந்த வயதில் இப்படி ஏமாறுவது எனக்குப் பிடிக்கவில்லை.

துக்க வருஷத்தில் ஸ்டார் கட்டியது தப்பு. இன்றைக்கும் மாற்றிச் சொல்ல மாட்டேன். நான் சொன்ன சொல் அதைவிடப் பெரிய தப்பு. என்னைப் படிக்க வைத்த கன்னியாஸ்திரிகள் கேட்டிருந்தால் முழங்காலில் நிறுத்தியிருப்பார்கள்.

துக்க வருஷம் முடிந்துவிட்டது. ஸ்டார் வாங்கிவிட்டேன். ரூபன் அடித்த ஆணி முன்வாசல் தூணில் எனக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. கருப்புசாமி, "நான் கட்டித் தாரனுங்கம்மா" என்றான். நீ பாலை மட்டும் ஊற்று என்று சொல்லிவிட்டேன்.

இருபத்துநாலாம் தேதி, சீட்டு வழக்கப்படி, உன் தெருவுக்கு வருகிறேன். சொன்ன சொல்லை நான் மீறுவது இதுதான் முதல் தடவை. அதைப் பற்றி அங்கே யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கையில் பரிசு இருக்காது. அது இங்கே பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. உங்கள் இருவரையும் கூட்டிவரத்தான் வருகிறேன். ஏணியில் நீ ஏறு. கீழே நான் பிடித்துக்கொள்கிறேன். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கயல் சொல்லட்டும்.

வருவீர்களா, மாட்டீர்களா? போன் செய்யாதே. கடைக் கூட்டத்தைக் காரணம் சொல்லாதே. எழுதிப் பதில் போடு.

அத்தை
எமரன்சியம்மாள்