ஆளுக்கு ஒரு மல்லாட்டை

புதன்கிழமை, அசர் தொழுகைக்குப் பிறகு.

அன்புள்ள மச்சானுக்கு ரிஸ்வானா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான், மாமி, கூரை மேல் ஏறிவிட்ட சுரைக்கொடி, எல்லோரும் சுகம். குவைத்தில் வெயில் இறங்கிவிட்டது என்றீர்கள். உங்கள் குரலிலேயே அது தெரிகிறது.

தினமும்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் பாதியிலேயே சிரித்துவிடுகிறீர்கள். காகிதத்தில் குறுக்கே சிரிக்க முடியாது. அக்பர் அலி மாமாவின் மகன் இர்பான் நாளை குவைத் கிளம்புகிறான் என்று தெரிந்ததும் பேனாவை எடுத்தேன்.

செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலுக்கு மூன்று தெருவும் சேர்ந்து என்னை நிற்கச் சொல்கிறார்கள். மனு கொடுக்கத் திங்கட்கிழமை கடைசி நாள். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. இது உங்கள் கைக்கு வந்துவிடும், வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து உங்கள் போன் வரும், அதற்குப் பிறகு சொல்கிறேன் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன்.

சிரிக்காதீர்கள். இன்னும் இருக்கிறது.

போன தேர்தல் உங்களுக்கு நினைவிருக்கும். நமக்குக் கல்யாணமாகி இரண்டாவது மாதம். நம் பள்ளிவாசல் தெரு ஒருவரை நிறுத்தியது. ஏரிக்கரைத் தெரு ஒருவரை. மேட்டுத் தெரு ஒருவரை. மூன்று பேரும் நல்லவர்கள். மூன்று பேரும் தோற்றார்கள். ரோட்டுப் பக்கத்து நடராசன் பதினொரு ஓட்டில் ஜெயித்தார். அதற்குப் பிறகு ஏரிக்கரைத் தெருவுக்குப் பைப்பு வந்தது, தண்ணீர் வரவில்லை. மேட்டுத் தெருவுக்குப் பைப்பும் வரவில்லை.

இந்த முறை பெண்களுக்கான இடம். நடராசன் தன் மனைவி கலைப்பிரியாவை நிறுத்துகிறார். நமக்கு ஓட்டே இல்லாத கூட்டேரிப்பட்டு முக்கு வரைக்கும் போஸ்டர். அதில் அவர் ஆள் உயரம். கலைப்பிரியா ஸ்டாம்ப் அளவு. பாவம், போன வாரம்தான் என்னிடம் வந்து பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கு மனு எழுதி வாங்கிக்கொண்டு போனாள். போஸ்டரில் இருக்கிற புடவை அவளுடையது இல்லையாம். கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

டிராக்டர் ராஜாமணி அண்ணன் ஒரு நோட்டோடு வீடு வீடாகத் திரிந்தார். மூன்று தெருவுக்கும் ஒரே ஆள் என்பது அவர் கட்சி. "யாரு நல்லவங்கன்றது பேச்சே இல்ல. நல்லவங்களா பாத்து நிறுத்தித்தான் போன தபா மண்ணக் கவ்வினோம். யாரு ஜெயிப்பாங்க, அத்த மட்டும் பேசுங்க" என்று எல்லா வாசலிலும் ஒரே குரலில் சொன்னார்.

நோட்டில் மூன்று பெயர்.

பால் சொசைட்டி கிருஷ்ணவேணி அக்கா. ஆதரவு: நாற்பது வீடு சொந்தம். எதிர்ப்பு: அதில் இருபது வீட்டோடு பேச்சு இல்லை.

நூறு நாள் வேலைக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கும் செண்பகம். ஆதரவு: எல்லோர் பெயரும் தெரியும். எதிர்ப்பு: யார் யார் வராமலே கையெழுத்துப் போட்டார்கள் என்பதும் தெரியும்.

மூன்றாவது, நான். ஆதரவு: மனு எழுதிக் கொடுக்கும் பெண். பென்ஷன், ரேஷன் கார்டு, பட்டா பெயர் மாற்றம். பாதி ஊரின் ஆதார் நகல் நம் பீரோவில் உங்கள் கல்யாணச் சட்டைக்கு அடியில் இருக்கிறது. எதிர்ப்பு: ஒன்று, வயது. இரண்டு, கோட்டக்குப்பத்திலிருந்து வாழ வந்த பெண். மூன்றாவதாக ஏதோ எழுதி, அழுத்தி அடித்திருந்தார். என்னவென்று எனக்குத் தெரியும். அடித்தாரே. போதும்.

அன்று சாயங்காலம் உங்களிடம் சொன்னேன். சிரித்தீர்கள். "நீயாடி? டெபாசிட்டாவது திரும்பி வருமா பாரு" என்றீர்கள். ஆசையாகத்தான் சொன்னீர்கள். தெரியும். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பு வீட்டிலேயே இருந்தது. அரிசி களையும்போது. துணி மடிக்கும்போது.

ஞாயிற்றுக்கிழமை, ராஜாமணி அண்ணன் களத்தில் கூட்டம். அங்கே வேர்க்கடலை என்று விற்கிற நம் மல்லாட்டையைப் பிடுங்கி, ஆய்ந்து, ஈரத்தோடு குவித்திருந்தார்கள். மண் வாசனை. சீட்டு எழுதிப் போடலாம் என்றார் ஒருவர். கையெழுத்து காட்டிக் கொடுத்துவிடும் என்றார் இன்னொருவர். எழுத வராதவர்களுக்கு யார் எழுதுவது என்ற கேள்வி வந்தது. எல்லோரும் வழக்கம்போல என்னைப் பார்த்தார்கள். பிறகு நானும் போட்டியில் இருப்பது நினைவுக்கு வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அதனால் மல்லாட்டை. ஆளுக்கு ஒன்று. அதில் யார் கையெழுத்தும் இல்லை.

ஒரு படுதா கட்டி, அதற்குப் பின்னால் மூன்று பிளாஸ்டிக் குடம். சிவப்பு கிருஷ்ணவேணி அக்கா. மஞ்சள் செண்பகம். நீலம் நான். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமலிருக்க, குடத்தின் வாயில் துணி கட்டி, நடுவில் கை போகிற அளவு கிழித்திருந்தார்கள். நானூற்றுச் சொச்சம் பேர். வரிசையில் அவ்வளவு ஒழுங்கு. ரேஷன் கடையில்கூட நான் பார்த்ததில்லை.

என் முறை வந்தது. படுதாவுக்குப் பின்னால் நான் மட்டும். கையில் ஒரு மல்லாட்டை. உள்ளே இரண்டு பருப்பு இருப்பது விரலுக்குத் தெரிந்தது. நீலக் குடம் வரை கை போனது.

உங்கள் சிரிப்பு கேட்டது.

சிவப்பில் போட்டுவிட்டு வந்தேன்.

(இங்கே எழுந்து போனேன். செண்பகம் வந்திருந்தாள். திங்கட்கிழமை யூனியன் ஆபீசுக்கு வேன் பேசிவிட்டாளாம், பதினாறு சீட். "நான் இன்னும் ஒத்துக்கவே இல்ல" என்றேன். "நீ வராங்காட்டி போயேன், நாங்க பதினஞ்சு பேரு போய்ட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் டீயையும் குடித்துவிட்டுப் போகிறாள்.)

விட்ட இடம். குடங்கள்.

தொழுகை, சாப்பாடு எல்லாம் முடிந்து எண்ணலாம் என்பது ஏற்பாடு. வெயிலில் இருக்க வேண்டாம் என்று யாரோ குடங்களைத் தூக்கிச் சமையல் கொட்டகை நிழலில் வைத்தார்கள். அங்கே தண்ணீர் புழங்கும், துணி நனையாமல் இருக்கட்டும் என்று அதையும் அவிழ்த்துவிட்டார்கள். கொட்டகையில் அம்சா அக்கா. கிளியனூரிலிருந்து கூட்டத்துக்குச் சமைக்க வந்தவர். நம் ஊர்த் தேர்தலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, அடுப்பைப் பற்றி எல்லாம் தெரியும். ராஜாமணி அண்ணனே போய், "வந்த ஜனத்துக்குக் கொஞ்சம் மல்லாட்டை அவிச்சிக் குடும்மா, ஜல்தியா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

நீங்களே சொல்லுங்கள். பிடுங்குகிற மாதத்தில் நம் பக்கத்தில் குடத்தில் பச்சை மல்லாட்டை இருந்தால், அது எதற்கு?

மூன்றையும் ஒரே அண்டாவில் கொட்டியிருக்கிறார். போதாது என்று களத்துக் குவியலிலிருந்து இரண்டு முறம் அள்ளிப் போட்டிருக்கிறார். உப்பு. மூடி. நல்ல விறகு.

சுடச்சுட வந்தது. எல்லோரும் தின்றோம். ராஜாமணி அண்ணன் எல்லோரையும்விட அதிகம். "உப்பு கரீக்டா நிக்குது" என்று அம்சா அக்காவைப் பாராட்டினார். தோலைக் காலடியில் போட்டு, கையை வேட்டியில் துடைத்து, நோட்டைத் திறந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, குடத்த எடுத்துக்கினு வாங்க, எண்ணிடலாம்" என்றார்.

அம்சா அக்கா கொண்டுவந்து வைத்தார். கழுவிக் கவிழ்த்த மூன்று குடம். சிவப்பு, மஞ்சள், நீலம். ஒரு சொட்டுத் தண்ணீர் நீலத்திலிருந்து இறங்கியது.

எல்லோர் வாயிலும் வாக்கு.

முதலில் கிருஷ்ணவேணி அக்கா ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பை நீங்கள் கேட்டதில்லை. மாடு மிரளும். பிறகு மேட்டுத் தெரு. பிறகு நம் பள்ளிவாசல் தெரு. ராஜாமணி அண்ணன் மட்டும் காலடியில் கிடந்த தோலை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், பெயர் எழுதியிருக்குமோ என்பது போல. அம்சா அக்கா விஷயம் புரிந்து அழப்போனார். செண்பகம் அவர் தோளைப் பிடித்து, "அழுவாதக்கா, எண்ணியிருந்தா சண்டைதான் வந்திருக்கும், நீ அவிச்சதுல சமாதானமாப் பூட்ச்சி" என்றாள்.

மறுபடி போடலாம் என்றார் அண்ணன். கிருஷ்ணவேணி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னாத்துக்கு மறுபடியும்? தின்னாச்சி. இனிமே ஒளிக்கிறதுக்கு இன்னா கீது? நான் சொல்றேன், நான் செண்பகத்துக்குத்தான் போட்டேன்" என்றார். ஏன் என்று கேட்டார்கள். "எம் மனசுல ரிஸ்வானாதான். ஆனா அவ ஜெயிக்க மாட்டாளே" என்றார்.

செண்பகம் நிமிர்ந்து பார்த்தாள். "அடப்பாவி, நான் உனக்குப் போட்டேன். எனக்கும் அந்தப் பொண்ணுதான். ஜெயிக்காதேன்னுட்டு உனக்குப் போட்டேன்" என்றாள்.

அதற்குப் பிறகு நிற்கவில்லை. ஏரிக்கரைச் சீனுவாசன். அவர் தங்கை அஸ்வினி. அக்பர் அலி மாமா. ஒவ்வொருவராக எழுந்து அதையே சொன்னார்கள். ரிஸ்வானாதான், ஆனால் ஜெயிக்க மாட்டாளே, அதனால் சிவப்பில். அதனால் மஞ்சளில். அடுத்த வீட்டுக்காரன் போட மாட்டான் என்று இவர். இவர் போட மாட்டார் என்று அடுத்த வீட்டுக்காரர். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே தட்டில் மல்லாட்டை உரித்துக்கொண்டு.

நான் காலேஜில் படித்த படிப்பில் இதற்கு ஏதாவது பெயர் இருக்கும். யோசித்தேன். வரவில்லை. களத்தில் நின்றால் பெயர் எதுவும் வருவதில்லை.

ராஜாமணி அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு, "பேஜாருடா சாமி, அப்ப யாருதான் இந்தப் பொண்ணுக்குப் போட்டீங்க" என்று கேட்டார். மாமி, உங்கள் அம்மா, எழுந்தார். அசன் பீவி என்றால் ஊரில் எதற்கும் வாய் திறக்காத ஆள் என்று பெயர். "நான் போட்டேன்" என்றார். "ஜெயிக்கிறது தோக்கிறதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குச் சோறு போடுறது அவதான்."

மறுபடியும் சிரிப்பு. அதற்குள்ளேயே அவர் சொன்னார்: "எல்லாரும் மனசுல கீறதுக்கே போட்டிருந்தா, ஜெயிச்சிருக்க மாட்டாளா?"

ராஜாமணி அண்ணன் நோட்டை மூடினார்.

என்னையும் கேட்டார்கள். பொய் சொல்லத் தோன்றவில்லை. சிவப்பு என்றேன். கிருஷ்ணவேணி அக்கா வந்து என் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தார். "உனுக்கே நீ போடலியாடி" என்றார். மனுவில் முன்மொழிவது அவர்தானாம். வேறு யாராவது கையெழுத்துப் போட்டால் அந்த வீட்டோடும் பேச்சு இல்லையாம். இருபத்தொன்று.

மச்சான், நான் இப்போது சந்தோஷமாக இருக்கிறேன். அதை எங்கே எழுதுவது என்று தெரியாமல் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். தெருவில் நடந்தால் வாசலில் இருப்பவர்கள் "தலிவரே" என்று கூப்பிடுகிறார்கள். கேலிதான். ஆனால் ஏரிக்கரைத் தெரு மூலையில் அந்தக் காய்ந்த பைப்பைத் தாண்டும்போது ஒரு நிமிடம் நிற்கிறேன். போன வாரம்வரை நின்றதில்லை.

தோற்கலாம். ரோட்டுப் பக்கம் முழுக்க அவர்களுக்கு. ராஜாமணி அண்ணன் அடித்துவிட்ட மூன்றாவது காரணத்தை வேறு யாராவது மைக்கில் சொல்லலாம். அதையும் யோசித்துவிட்டேன். அதற்காகப் பயமில்லை. படுதாவுக்குப் பின்னால் என் கை விலகியதே, அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. நானூறு பேர் சொல்லிவிட்டார்கள். நீங்கள் ஒருவர் பாக்கி.

மனுவில் கணவர் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் நான்தான் நிரப்பிக் கொடுக்கிறேன். எனக்கு நிரப்பும்போது ஜகபர் சாதிக் என்று கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுத ஆசை.

இர்பானிடம் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். அன்று அண்டாவில் மிஞ்சியதை மாமி மூன்று நாள் முற்றத்து வெயிலில் காயவைத்தார். அவித்துக் காய்ந்த மல்லாட்டை. கொஞ்சம் கடினமாக இருக்கும், மெதுவாக மெல்லுங்கள். அதில் எது வாக்கு, எது குவியல் என்று யாருக்கும் தெரியாது. நான் சிவப்பில் போட்டது இருக்கலாம். உங்கள் அம்மா நீலத்தில் போட்டதும் இருக்கலாம். ஒன்றை மட்டும் தின்னாமல் எடுத்து வையுங்கள். அது உங்களுடையது. எந்தக் குடம் என்று வெள்ளிக்கிழமை சொல்லுங்கள்.

சிரிப்பு வந்தால் சிரியுங்கள். மாமியும் கேட்கட்டும், ஸ்பீக்கரில் போடுகிறேன். இந்த முறை சேர்ந்து சிரிக்கலாம்.

இன்னொன்று. வாக்காளர் பட்டியலை நேற்று பார்த்தேன். முந்நூற்றுப் பதினெட்டு நீங்கள். முந்நூற்றுப் பத்தொன்பது நான். பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறோம். தேர்தலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. லீவு கேட்டுப் பாருங்கள். பதினொரு ஓட்டில் தோற்ற ஊர் இது. ஒன்று என்பது இங்கே சின்ன எண் இல்லை.

எனக்கும் இல்லை.

அல்லாஹ் உங்களை நல்லபடியாக வைத்திருக்கட்டும், நல்லபடியாக வாசல் வரை கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
ரிஸ்வானா