பள்ளத்து மனை

1946 மார்ச் 10

மனையில் கயிறு பிடித்து ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். தெருவாசலிலிருந்து பின்மதில் வரை நாலடி இறக்கம். வாப்பா பாகம் பிரித்தபோது பக்கத்து மேட்டை என் அக்கா சம்சுன்னிசா லாத்தாவுக்குக் கொடுத்தார். பெண்ணுக்கு வீடு கொடுப்பது காயல்பட்டினத்து வழக்கம், சரி. பள்ளம் எனக்கு. அதை இதுவரை யாராவது பேசியதுண்டா? இப்போது என் மகள் நஃபீசாவுக்கு நான் வீடு கொடுக்க வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து நிக்காஹ். மாப்பிள்ளை சாலிஹ் வந்து குடியிருக்கப்போவது இந்தப் பள்ளத்திலா?

மார்ச் 13

கொத்தனார் மந்திரமூர்த்தி அஸ்திவாரத்துக்குப் படிவாணம் தோண்டலாம் என்கிறார். "மொதலாளி, சரிவு போற போக்குலயே வாணத்தைப் படி படியா எறக்கிருவோம். பின்னறை ரெண்டும் தணிஞ்சிருக்கும், அம்புட்டுதான்."

அம்புட்டுதானாம். என் மகளுடைய அறை லாத்தா வீட்டு அடுப்படி மட்டத்துக்கும் கீழே கிடக்க வேண்டுமாம்.

மார்ச் 15

கொழும்பிலிருந்து வந்திருக்கும் செய்கு காக்கா மனையைப் பார்த்தார். தம்பி என்றால் அவருக்கு எப்போதும் ஒன்றும் தெரியாதவன். "அங்கே சரிவுல எல்லாம் தூண் நிறுத்தி மேலேதான் கட்டுறாங்க. கீழே காத்துப் போவும்."

"ஆடும் போவும்" என்றேன்.

"புடிச்சுக் கட்டிப் போடு. பெருநாளைக்கு ஆவும்" என்று சிரித்தார்.

மார்ச் 17

படியா, தூணா, மண் நிரப்புவதா? நானாகவே வாங்கிப் படிக்கிற கட்டடப் புத்தகம், நிரப்பின மண்ணை நம்பாதே என்கிறது. அடுத்த பக்கத்தில், நன்றாக இடித்து இறுக்கினால் நம்பலாம் என்கிறது. காலையில் படிவாணம் சரி என்று தோன்றியது. மாலையில் அஸர் தொழுதுவிட்டு வரும்போது சரியில்லை என்று தோன்றியது. யாரிடம் கேட்பது? கேட்டால் காலத்துக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

மார்ச் 20

முடிவு. பின்மதிலை இடித்துவிட்டு அங்கே கல்சுவர் எழுப்பி, மணல் நிரப்பி இறுக்கி, வீடு முழுக்க ஒரே மட்டம். என் மனைவி முத்து பீவியிடம் சொன்னேன். "பின்வாசல் எங்கன வரும்?" என்றாள். பின்பக்கம்தான் என்றேன். அதற்கு மேல் கேட்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். ஏன்?

ஏப்ரல் 24

சுவர் முடிந்தது, மணலும் ஏறிவிட்டது. பின்னால் முடுக்கிலிருந்து லாத்தாவின் குரல்: "தம்பி, வீடு கட்டுறியா, கோட்டை கட்டுறியா? ஏளா முத்து பீவி, ஒன் மவளுக்குச் சீர் சாமானோட ஒரு ஏணியும் சேத்து வையி!" கூடவே நாலைந்து பெண்களின் சிரிப்பு.

முடுக்கு பெண்கள் நடக்கிற சந்து. பின்வாசல் வழியாகவே வீட்டுக்கு வீடு போய்வருவார்கள்; இப்போது நாங்கள் குடியிருக்கும் வீட்டின் பின்வாசலும் அதில்தான் திறக்கிறது. தெருவில் இறங்க வேண்டியதில்லை. ஆண்கள் அதில் கால் வைப்பதில்லை. நான் அளந்தது மதில் வரைதான். அதற்கு அப்பால் முடுக்கு இன்னும் மூன்றடி தாழ்ந்து கிடக்கிறதாம். எனக்கு எப்படித் தெரியும்? ஒருத்தியாவது சொன்னாளா?

ஏப்ரல் 25

சுவரை இடிக்கமாட்டேன். வெளியே படி கட்டி இறக்கினால்? முடுக்கு அடைந்துபோகும் என்கிறாள் முத்து பீவி. தூண் வைத்திருந்தாலும் இதே கதைதானே?

ஏப்ரல் 27

நஃபீசா வந்து நின்றாள். "வாப்பா, நான் அந்த வீட்டுக்குப் போகமாட்டேன்."

என்ன குறை என்றேன்.

"உம்மாவைப் பாக்க எப்படி வர? பட்டப்பகல்ல தெருவுல எறங்கியா? மாப்பிள்ளைக்கு வாசல் வச்சீங்கோ. எனக்குச் சுவரு வச்சிருக்கீங்கோ."

சத்தம் போட்டேன். போ, ஒனக்கு வீடே கெடையாதுன்னுட்டேன். அழவில்லை, உள்ளே போய்விட்டாள். அவளுக்காகத்தானே கட்டினேன் — அவளுக்காகத்தானா? இல்லை, லாத்தா வீட்டு மட்டத்துக்கு வரவேண்டும் என்றா? தெரியவில்லை.

ஏப்ரல் 30

மந்திரமூர்த்தியைக் கூப்பிட்டு, பின்சுவரில் முடுக்கு மட்டத்துக்கு வாசல் திறந்து மணலை அள்ளச் சொன்னேன்.

"அப்போ படிவாணந்தானே மொதலாளி?"

"நான் சொல்ற வாணம்" என்றேன். சொன்னது படிவாணம்தான்.

டிசம்பர் 8

நிக்காஹ் முடிந்து புது வீட்டில் குடியேறிவிட்டார்கள். காலையிலிருந்து மழை. எங்கள் அடுப்படியில் நஃபீசாவின் குரல். எப்போது வந்தாள்? தெருவாசலில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் என்னைக் கடந்து போகவில்லை. உம்மாவும் மகளும் எதற்கோ சிரிக்கிறார்கள். அங்கே மாப்பிள்ளை பின்னறைக்கு இறங்கும் படியில் இரண்டு முறை தடுக்கினாராம்.

பார்த்து நடக்கட்டும்.